மழைமானியும் நிரல் நூலகமும்

மலைநாட்டில் பிறந்து வளர்ந்த நமக்கு மழை புதியதன்று. கொழுந்துக்கு உயிரூட்டும் அம்மழையே சரிவிலுள்ள லயங்களுக்கு எமனாவதும் உண்டு. 2014 ஒக்டோபர் 29 ஆம் நாட் காலை, கொஸ்லந்தையை அடுத்த மீரியபெத்தைத் தோட்டத்தில் மண் சரிந்து லயங்களை மூடியதை நாம் மறந்திலோம். தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் கையாண்டு வந்துள்ள அளவுகோலின்படி, 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்யின் விழிப்பு. 100 ஆயின் எச்சரிக்கை. 150 ஆயின் வெளியேற்றம். ஆதலின், மழையை அளத்தல் நம் மாணவர்க்கு வெறும் ஏட்டுப் பயிற்சியன்று.

ஆர்டுயினோ ஊனோ போன்ற சிறு நுண்கட்டுப்படுத்திப் பலகையொன்றினால் மழைமானி அமைத்தல் இன்று பாடசாலைக்கும் இயலும். 0.2 மில்லிமீற்றர் மழைக்கு ஒருமுறை கவிழும் சிறு வாளி, ஒவ்வொரு கவிழ்விலும் ஓர் ஆளியை மூடும். பலகை அதனை எண்ணும். 375 கவிழ்வுகள் ஆயின் 75 மில்லிமீற்றர் என்பது எளிய கணக்கு. நம் நாட்டிலேயே தெதுறு ஓயா வடிநிலத்தில், மொறட்டுவைப் பல்கலைக்கழகமும் சுவிற்சர்லாந்தின் உயர்கல்வி நிறுவனமொன்றும் இணைந்து, திறந்த மூலக் கருவிகளாலான வானிலை நிலையங்களை நிறுவியுள்ளன.

எண்ணியதைத் திரையிற் காட்டவும், அட்டையிற் பதியவும், வானொலியால் அனுப்பவும் வேண்டிய கட்டளைகளைப் பிறர் முன்னரே எழுதித் தொகுத்துள்ளனர். அத்தொகுப்புகளே நிரல் நூலகங்கள் எனப்படும். அவற்றுள் எதனைத் தெரிவது? மூன்று சோதனைகளைக் கூறுவோம்.

முதலாவது, உரிமம். பார்வைக்குக் கிடைப்பதெல்லாம் திறந்த மூலமாகாது. உரிமம் எழுதப்படாத நிரலைப் பிறர் வழங்க உரிமையில்லை. எம்.ஐ.ரி. உரிமம், ஆக்கியோனின் பதிப்புரிமைக் குறிப்பையும் உரிம வாசகத்தையும் காத்தால் போதும் என்கின்றது. ஜி.பி.எல். உரிமமோ, நிரலைப் பிறர்க்கு வழங்குங்கால் அதன் மூலத்தையும் வழங்கக் கோருகின்றது.

இரண்டாவது, இடம். ஊனோவின் இயங்கு நினைவகம் 2,048 பைற்று மாத்திரமே. 128க்கு 64 புள்ளிகள் கொண்ட சிறு திரைக்கு அடாபுரூட் நூலகம் 1,024 பைற்றையும், அட்டைப் பதிவுக்கான நூலகம் 512 பைற்றையும் எடுத்துக்கொள்ளும். எஞ்சுவது கால்வாசியே. யூ8ஜி2 என்னும் நூலகத்தில் எழுத்துகளை மட்டும் காட்டும் முறைக்கோ அத்தகைய தனியிடம் வேண்டியதில்லை.

மூன்றாவதே தலையாயது: தோல்வியுறும் விதம். உணரிகளோடு இரு கம்பிகளால் உரையாடுதற்கு ஆர்டுயினோவுடன் வரும் ‘வயர்’ நூலகம் மிகப் பரந்த பயன்பாடுடையது. ஆயினும், கம்பித் தொடர்பு சிக்குண்டால் விடைக்காக அது முடிவின்றிக் காத்திருக்கும் குறை நெடுங்காலம் இருந்தது. ஊனோ வகைப் பலகைகளுக்குரிய பதிப்பில் 2020 ஆம் ஆண்டிலேயே கால எல்லை சேர்க்கப்பட்டது. அதுவும் நம் நிரலில் நாமே கட்டளையிட்டால் அன்றி இயங்காது. நள்ளிரவில், கொட்டும் மழையில், ஈரம் பட்ட கம்பியொன்றால் பலகை உறைந்ததெனக் கொள்வோம். மழையின்மையும் கருவியின் மௌனமும் பதிவேட்டில் ஒன்றுபோலத் தோன்றும். லயத்தில் உறங்குவோர்க்கு அவை ஒன்றல்ல.

ஆகவே, நூலகமொன்றை ஏற்குமுன் அதனை மேசைமேல் ஓடவிட்டு, உணரியின் கம்பியைக் கழற்றிப் பாருங்கள். இணைப்புகளைச் சிக்கவைத்தும் பாருங்கள். பிழையென்று அறிவித்து மேற்செல்வதாயின் கொள்ளுக, வாளாவிருப்பின் தள்ளுக. பலகையிலுள்ள காவற் கடிகாரத்தை இயக்கினால், உறைந்த நிரல் மீளத் தொடங்கும். எண்ணிக்கையை அழியா நினைவகத்தில் அவ்வப்போது பதிந்து வைத்தல் வேண்டும். மழையற்ற வேளையிலும் பத்து நிமிடத்துக்கொருமுறை “நலம்” என்றொரு செய்தி அனுப்புதல் நன்று. அது வராதொழியின், ஆளனுப்பிப் பார்க்கலாம். சோதித்த பதிப்பின் எண்ணைக் குறித்துவைத்து, அதன் பிரதியையும் கல்லூரியிற் பேணுக. நாளை ஆக்கியோன் கைவிடினும் நாம் திருத்திக்கொள்ளலாம்.

நம் மழைமானி அரசின் எச்சரிக்கைக்கு ஈடாகாது; துணையாகலாம். நூலகத்தின் புகழை மட்டும் நோக்காது, அது பிழைபடும் விதத்தையும் சோதித்தறியும் மாணவரை இக்கல்லூரி மேலும் தருமாயின், அதுவே இவ்விழாக் காலத்தில் நாம் வேண்டும் பேறு.