கருவி மரம்

மாமல்லபுரத்துக் குன்றின்மேல் கல்லாலாகிய கலங்கரை விளக்கம் ஒன்று நிற்கின்றது. இரவில் கடலிற் செல்லும் மாலுமி அதன் ஒளியைக் காண்கின்றான். அஃது எவ்வூர் விளக்கு என்பதை அவன் எங்ஙனம் அறிவான்? கலங்கரை விளக்கங்களின் பட்டியல் ஒன்று அவனிடம் உண்டு. எவ்விளக்கு எங்குள்ளது, எத்தனை நொடிக்கு ஒருமுறை மின்னும் என்பன அதில் எழுதப்பட்டிருக்கும். பட்டியல் பிழைபட்டால் கப்பல் வழிதவறும்.

கைப்பேசிக்குள்ளும் இத்தகைய பட்டியல் ஒன்று உண்டு. செங்கற்பட்டை அடுத்த மகிந்திரா உலக நகரில் 2022ஆம் ஆண்டு கைப்பேசி ஆலை ஒன்று திறக்கப்பட்டது. இத்தகைய ஆலைகளில் செயலி, திரை, ஒளிப்படக் கருவி, மின்கலம் முதலிய உறுப்புகள் ஒருங்கே பொருத்தப்படுகின்றன. பொருத்திய அளவில் அவை தாமே இயங்கிவிடா. அவற்றை ஏவி வேலை வாங்குவது இயங்குதளத்தின் உட்கருவாகிய கெர்னல் ஆகும். ஆண்ட்ராய்டு கைப்பேசிகளின் உட்கரு லினக்ஸ். பின்லாந்து நாட்டு மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் அதனைத் தொடங்கினார். அதன் மூலநிரலை எவரும் படிக்கலாம், திருத்தவும் செய்யலாம்.

கணிப்பொறியில் யு.எஸ்.பி. வழியாக இணைக்கப்படும் கருவி, தான் இன்னதென்று தானே கூறும். கைப்பேசிச் சில்லுகளுட் பல அவ்வாறு கூறுவதில்லை. முன்னாளில் அவற்றின் விவரங்களைக் கெர்னல் நிரலுக்குள்ளேயே எழுதி வந்தனர். புதிய சுற்றுப்பலகை தோன்றுந்தோறும் நிரல் பெருகிக் குழப்பம் மிகுந்தது. 2011இல் டோர்வால்ட்ஸ் இதனைக் கடிந்துரைத்தார். அதன்பின், வேறு செயலிகளுக்கு முன்பே வழங்கிவந்த ‘டிவைஸ் ட்ரீ’ என்னும் முறை, கைப்பேசிகளில் மிகுதியும் பயன்படும் ஆர்ம் செயலிகளுக்கும் பரவியது. இதனைக் கருவி மரம் எனலாம்.

வேரிலிருந்து கிளைகள் பிரிவதுபோல் உறுப்புகள் இதில் முறைப்பட எழுதப்படும். உறுப்பின் வகைப்பெயர், அதன் முகவரி, வேண்டும் மின்னழுத்தம் ஆகியன அந்தந்தக் கிளையில் இருக்கும். கைப்பேசியை முடுக்கியதும் தொடக்க நிரல் இம்மரத்தைக் கெர்னலிடம் ஒப்படைக்கும். கெர்னல் அதனைப் படித்து, ஒவ்வோர் உறுப்புக்கும் ஏற்ற இயக்கியை அமர்த்தும். முகவரி தவறினால் திரை இருண்டு கிடக்கும். மின்னழுத்தம் தவறினால் உறுப்பே பழுதாகலாம். சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தார் உருவாக்கிய சக்தி என்னும் செயலியில் 2018இல் லினக்ஸ் இயங்கியது. அவ்வினச் செயலிகளுக்கும் கருவி மரம் பயன்படுகின்றது.

இதனால் விளையும் நன்மை பெரிது. சில ஆண்டுகள் கழிந்ததும் உற்பத்தியாளர் பழைய கைப்பேசிக்குப் புதுப்பித்தல் வழங்குவதை நிறுத்திவிடுவர். உறுப்புகள் நன்றாயிருந்தும் அது குப்பையிற் சேரும். அதன் கருவி மரமும் இயக்கிகளும் லினக்ஸின் பொது மூலநிரலில் இடம்பெற்றிருப்பின், பிறர் அவற்றைப் பேணிப் புதிய கெர்னலை அதில் இயக்கலாம். 2017இல் தொடங்கிய போஸ்ட்மார்க்கெட்ஓஎஸ் என்னும் முயற்சி இந்நோக்கம் உடையதே.

ஒரு பொருளைச் செய்வது ஒரு திறன். அதன் இயல்பைப் பிறர் அறியப் பிழையற எழுதிவைப்பது மற்றொரு திறன். பின்னது இல்லையேல், செய்தவர் கைவிட்ட அன்றே பொருளின் வாழ்வும் முடிந்துவிடும்.