ஷட்டர் சாவி யார் கையில்?

மாணவர்களே! நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் உள்ள மூணாறு தலைப்பைப் பார்த்திருக்கிறீர்களா? வெண்ணாறு அங்கே வந்து வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என மூன்றாகப் பிரிகிறது. தம் வயலின் மடையை வெட்டவும் அடைக்கவும் விவசாயிக்கு உரிமை உண்டு. ஆனால் தலைப்பின் ஷட்டரை அவர் தொட முடியாது. அது லஸ்கரின் பொறுப்பு. மடையைத் தவறாக வெட்டினால் ஒருவர் வயல்தான் மூழ்கும். ஷட்டரைத் தவறாகத் தூக்கினாலோ, மன்னார்குடிப் பக்கம் வரை தொல்லைதான்.

கணிப்பொறியைப் பற்றிச் சொல்ல வந்தவன் ஆற்றங்கரைக்குப் போய்விட்டேனே என்று நினைக்க வேண்டாம். கணிப்பொறியின் இயக்க அமைப்புகளில் எது பாதுகாப்பானது என்ற கேள்விக்கு விடை இந்த ஷட்டரிலிருந்துதான் தொடங்குகிறது.

1969-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் யூனிக்ஸ் பிறந்தது. ஒரே பொறியைப் பலர் பங்கிட்டுக்கொண்ட காலம் அது. ஆகவே மடை உங்களுக்கு, ஷட்டர் நிர்வாகிக்கு என்று முதலிலேயே பிரித்துவிட்டார்கள். 1991-ல் வந்த லினக்ஸும், 2001-ல் வந்த மேக் ஓ.எஸ். எக்ஸும் இந்த வழியில் வந்தவை. விண்டோஸ் 95, 98 ஆகியவையோ வீட்டில் ஒருவர் பயன்படுத்துவதற்கென்று எழுந்தவை. அவற்றில் எல்லாருமே லஸ்கர்! 2001-ல் வந்த எக்ஸ்.பி.யில் பிரிவினை இருந்தும், பெரும்பாலோர் நிர்வாகியாகவே நுழைந்தார்கள். 2007-ல் வந்த விஸ்டாதான் பெரிய மாற்றங்களுக்கு முன் அனுமதி கேட்கத் தொடங்கியது. இன்று இந்த அமைப்புகளுக்கிடையே உள்ள தூரம் வெகுவாகக் குறைந்துவிட்டது.

2011-ல் தொடங்கிய தமிழக அரசின் இலவச மடிக்கணினித் திட்டத்தில் வந்த பொறிகளில் விண்டோஸும் 'பாஸ்' லினக்ஸும் அடுத்தடுத்து இருந்தன. பாஸ் என்பது சி-டாக் நிறுவனம் டெபியன் லினக்ஸை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கியது. ஒருமுறை மாணவர் ஒருவர் வைரஸ் புகுந்த பென் டிரைவைக் கொண்டுவந்தார். விண்டோஸில் செருகியபோது கோப்புறைகள் எல்லாம் குறுக்குவழிகளாக மாறித் தெரிந்தன. பாஸில் செருகினோம். அந்த வைரஸ் கோப்பு செத்த பூச்சிபோல அங்கே கிடந்தது. "லினக்ஸுக்கு வைரஸே வராது, சார்!" என்று வகுப்பு ஆர்ப்பரித்தது.

அவசரப்படாதீர்கள். அந்த வைரஸ் விண்டோஸுக்குப் புரியும் கட்டளைகளில் எழுதப்பட்டது. லினக்ஸ் அதை எதிர்த்து வெல்லவில்லை; அதன் பாஷை லினக்ஸுக்குப் புரியவில்லை, அவ்வளவே. மேசைக் கணிப்பொறிகளில் பெரும்பாலானவை விண்டோஸ் என்பதால் திருடனும் அந்தப் பாஷையையே கற்கிறான்.

2017 மே 12-ல் பரவிய வான்னாக்ரை 150-க்கு மேற்பட்ட நாடுகளில் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்டது. ஆந்திரக் காவல்துறையின் சில கணிப்பொறிகளும் அகப்பட்டன. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் மார்ச் 14-லேயே கொடுத்துவிட்டது! உடைப்பு தெரிந்தும் இரண்டு மாதம் கரையை அடைக்காதவர்கள்தான் மூழ்கினார்கள். விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரியிலும், விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபரிலும் வழக்கமான திருத்தங்கள் நின்றுவிட்டன. லினக்ஸின் பழைய பதிப்புகளுக்கும் இதே கதிதான்.

லினக்ஸின் மூலநிரலை யாரும் படிக்கலாம். அதனால் பிழை சீக்கிரம் தெரிந்துவிடும் என்பார்கள். 2024-ல் நடந்ததைக் கேளுங்கள். எக்ஸ்.இசட். என்ற சிறிய நிரலில், இரண்டு ஆண்டுகளுக்கு மேல் நல்ல தொண்டர்போல உழைத்த ஒருவர் இரகசியக் கதவொன்றை வைத்துவிட்டார். அதைக் கண்டுபிடித்தவர் ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர். கணிப்பொறிக்குள் நுழைய வழக்கத்தைவிட சுமார் அரை விநாடி கூடுதலாகிறதே என்று அவர் துருவினார். அளவீட்டில் சிறு வேறுபாட்டையும் தள்ளிவிடாதீர்கள் என்று ஆய்வகத்தில் நான் நச்சரிப்பது இதற்குத்தான்! அவர் வேலை பார்த்தது மைக்ரோசாஃப்டில் என்பது இதில் ஒரு வேடிக்கை.

இன்னொன்றும் உண்டு. லஸ்கர் ஷட்டரைக் காப்பார். உங்கள் வயலைக் காக்கமாட்டார். உங்கள் பாடக்குறிப்பும் புகைப்படங்களும் இருப்பது உங்கள் வயலில். நீங்களே திறந்த தீய நிரல் அவற்றைப் பூட்டுவதற்கு நிர்வாகியின் சாவி தேவையில்லை. விண்டோஸ், மேக், லினக்ஸ் எதுவானாலும் அப்படித்தான். ஆகவே ஒரு நகலை வேறிடத்தில் வையுங்கள். நகலெடுத்ததும் இணைப்பைக் கழற்றிவிடுங்கள்.

வீட்டில் கணிப்பொறி இருந்தால் இன்றே பயனர் கணக்கைத் திறந்து பாருங்கள். உங்கள் பெயருக்குக் கீழே 'நிர்வாகி' என்று இருந்தால், அன்றாடப் படிப்புக்கென்று சாதாரணக் கணக்கு ஒன்றைத் தொடங்கி, ஒரு வாரம் அதிலேயே வேலை செய்யுங்கள். நிர்வாகியின் கடவுச்சொல்லை எத்தனை முறை கேட்டது, எதற்காகக் கேட்டது என்று குறித்துவையுங்கள்.