பழைய மோரிசின் இயந்திரம்

மலாக்கா மாநிலத்தின் ஜாசின் மாவட்டத்தில், அசகானுக்கு அருகே இருக்கும் சிற்றூர் நியாலாஸ். சுற்றிலும் இரப்பரும் செம்பனையும். ஜோகூர் எல்லையில் 1,276 மீட்டர் உயரத்திற்கு எழுந்து நிற்கிறது லேடாங் மலை. மலாயாவில் முதன்முதலாக வணிக நோக்கில் இரப்பர் பயிரிடப்பட்டது இதே மாநிலத்தில்தான். 1896ஆம் ஆண்டு புக்கிட் லிந்தாங்கில் டான் சே யான் என்பவர் அதைத் தொடங்கினார். உலகில் மகிழுந்துகள் பெருகியபோது அவற்றின் டயர்களுக்கு இரப்பர் வேண்டியிருந்தது. பால்மரம் சீவத் தமிழ்நாட்டிலிருந்து மக்கள் வந்தனர். ஆனால், சீவியவர்களிடம் மகிழுந்து இல்லை. 1950களிலும் 60களிலும் தோட்டத்துக் கிராணியோ பள்ளி ஆசிரியரோ மிச்சம் பிடித்து ஒரு வண்டி வாங்கினால், அது மோரிஸ் மைனர் போன்ற சிறிய பிரிட்டிஷ் மகிழுந்தாக இருப்பது வழக்கம்.

மோரிஸ் மைனர் 1948இல் இங்கிலாந்தில் வெளிவந்தது. வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். பின்னாளில் மினி மகிழுந்தை வடிவமைத்தவரும் அவரே. 1960இன் இறுதியில் அதன் உற்பத்தி ஒரு மில்லியனை எட்டியது. அதற்குமுன் எந்தப் பிரிட்டிஷ் மகிழுந்தும் அந்த எண்ணிக்கையைத் தொட்டதில்லை. 1956இல் வந்த வகையில் இயந்திரத்தின் கொள்ளளவு 948 சிசி. 1962இல் அது 1098 சிசி ஆனது. இன்றைய சிறிய மகிழுந்தின் அளவுதான். ஆனால், முன்மூடியைத் தூக்கிப் பார்த்தால் வேறுபாடு விளங்கும். இன்றைய வண்டியில் நெகிழி உறைகளும் கம்பிகளும் இடமின்றி அடைத்திருக்கும். மோரிசில் இயந்திரத்தின் இரு பக்கமும் கை நுழைய இடமுண்டு. கீழே தரைகூடத் தெரியும். திறந்து பார்ப்பதற்காகவே செய்யப்பட்ட இயந்திரம் அது.

தாத்தாவிடமிருந்து பேரனுக்கு வந்து சேரும் இத்தகைய வண்டி பெரும்பாலும் ஓடும் நிலையில் இருப்பதில்லை. ரேடியேட்டரில் ஊற்றிய நீர் எங்கும் ஒழுகாமலே குறைகிறது. புகைக்குழாயிலிருந்து வெண்புகை வருகிறது. எண்ணெய் ஊற்றும் மூடியைக் கழற்றினால் உட்புறம் பால் கலந்த காப்பி நிறத்தில் ஒரு பசை. மூன்றும் சேர்ந்து வந்தால் ஐயத்துக்குரியது ‘ஹெட் கேஸ்கெட்’ என்னும் தகடு. பசை மட்டும் இருந்தால் அவசரப்படக் கூடாது. பசாருக்கும் வீட்டுக்குமாகக் குறுந்தொலைவே ஓடும் வண்டியில் ஈரக்காற்று உறைந்தும் அப்பசை உண்டாகும். இதை அறியாமல் நல்ல இயந்திரத்தைப் பிரித்தவர்கள் உண்டு.

அந்தத் தகட்டின் வேலை என்ன? இயந்திரத்தின் கீழ்ப்பகுதி ‘பிளாக்’. அதில் நான்கு சிலிண்டர்கள். ஒவ்வொன்றினுள்ளும் ஒரு பிஸ்டன் மேலும் கீழும் ஓடுகிறது. அவற்றை மேலிருந்து மூடும் கனத்த இரும்பு மூடியே ‘ஹெட்’. பிளாக்கிற்கும் ஹெட்டிற்கும் இடையே, ஒரு மில்லிமீட்டர் அளவே கனமுள்ள கேஸ்கெட் நெருக்கப்பட்டிருக்கிறது. எரியும் பெட்ரோல், குளிர்விக்கும் நீர், வழுக்கலுக்கான எண்ணெய் ஆகிய மூன்றையும் ஒன்றோடொன்று கலக்காமல் பிரித்து வைப்பது அந்தத் தகடுதான். இயந்திரம் அளவுக்கு மீறிச் சூடேறினால் ஹெட் வளையும். தகடு ஓரிடத்தில் விட்டுக்கொடுக்கும். பல ஆண்டுகள் வெறும் குழாய்நீரை ஊற்றி வந்த வண்டிகளில் நீர்வழிகள் துருவால் அடைபட்டிருக்கும். மலாக்காவின் வெயிலில், மேட்டுச் சாலையில், அத்தகைய இயந்திரம் கொதிப்பதில் வியப்பில்லை.

பிரிப்பதற்குமுன் உறுதிசெய்ய ஒரு பழைய வழி உண்டு. நான்கு ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றிவிட்டு, ஒருவர் முன்பக்கக் கைப்பிடியால் இயந்திரத்தைச் சுழற்ற, மற்றவர் ஒவ்வொரு துளையையும் விரலால் மூடிப் பார்க்கிறார். நல்ல சிலிண்டர் விரலைத் தள்ளிவிடும். அடுத்தடுத்த இரண்டு துளைகளில் தள்ளும் விசை குன்றியிருந்தால், அவற்றுக்கு இடையே தகடு கிழிந்திருக்க வாய்ப்பு மிகுதி. கழற்றிய பிளக்குகளும் பேசும். மூன்று கறுத்திருக்க, ஒன்று மட்டும் கழுவி வைத்தாற்போல் இருந்தால், அந்தச் சிலிண்டருக்குள் நீர் புகுகிறது.

வேலை தொடங்கும் நாளில் இயந்திரம் குளிர்ந்திருக்க வேண்டும். சூடான ரேடியேட்டரின் மூடியைத் திறந்தால் கொதிநீர் முகத்தில் பீறிடும். மின்கலத்தின் இணைப்பும் முதலில் துண்டிக்கப்பட வேண்டும். பெட்ரோல் குழாயைக் கழற்றும் இடத்தில் ஒரு சிறு மின்பொறி போதும். இத்தகைய வேலையைப் பெரியவர் ஒருவர் உடனிருக்க, காற்றோட்டமுள்ள கொட்டகையில் செய்வதே முறை. கதவை மூடிவிட்டு இயந்திரத்தை ஓடவிட்டால், நிறமும் மணமும் இல்லாத கார்பன் மோனாக்சைடு வளி உயிரைக் குடிக்கும்.

கழற்றுவது எளிது. அதனால்தான் அது ஆபத்தானது. ஆர்வத்தோடு ஒரே நாளில் பிரிக்கப்பட்டு, பிஸ்கட் டின்களில் கலந்து கிடக்கும் திருகாணிகளோடு ஆண்டுக்கணக்கில் முடங்கிய வண்டிகள் ஊருக்கு ஒன்றாவது இருக்கும். “எடுத்த வரிசையிலேயே வைடா தம்பி” என்று பெரியவர்கள் சொல்வது வெறும் ஒழுங்குக்காக அன்று. மோரிசின் எட்டு வால்வுகளையும் எட்டு நீண்ட கம்பிகள் இயக்குகின்றன. புஷ் ராடு எனப்படும் அவை ஒன்றுபோலவே தோன்றும். ஆனால், பல்லாண்டு ஓட்டத்தில் ஒவ்வொன்றும் தான் தொட்ட உறுப்புக்கு ஏற்பத் தேய்ந்திருக்கிறது. இடம் மாறினால் தேய்மானம் கூடும். அட்டைப் பெட்டி ஒன்றின் மூடியில் எட்டுத் துளையிட்டு, 1 முதல் 8 வரை எண் எழுதிச் செருகி வைத்தால் போதும். செலவில்லாத வழி இது.

பிரித்துப் பார்த்தே பொறியியல் கற்ற தமிழர் ஒருவர் இங்கு நினைவுக்கு வருவார். 1893இல் கோயம்புத்தூர் அருகே கலங்கல் என்னும் சிற்றூரில் பிறந்த ஜி. டி. நாயுடு, பள்ளிப்படிப்பில் நிலைக்கவில்லை. ஆங்கிலேய அதிகாரி ஒருவர் ஓட்டி வந்த ரட்ஜ் மோட்டார் சைக்கிள் அவரைப் பிடித்துக்கொண்டது. கோயம்புத்தூர் உணவுக்கடை ஒன்றில் பரிமாறும் வேலை செய்து, காசு சேர்த்து, அந்த வண்டியையே விலைக்கு வாங்கினார். வாங்கியவர் ஊர் சுற்றவில்லை. அதைக் கழற்றிப் பார்த்தார், மீண்டும் பூட்டினார். 1920இல் பேருந்து ஒன்றை வாங்கி, பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தாமே ஓட்டினார். அந்த ஒற்றைப் பேருந்து பின்னர் யூ.எம்.எஸ். என்னும் பெரிய நிறுவனமாக வளர்ந்தது. 1937இல் பீளமேட்டிலிருந்த அவருடைய தொழிற்கூடத்திலிருந்து, இந்தியாவில் செய்யப்பட்ட முதல் மின்மோட்டார் வெளிவந்தது. 1974இல் அவர் மறைந்தார். அவர் பெயர் தாங்கிய பழைய மகிழுந்துக் காட்சியகம் இன்று கோயம்புத்தூரில் உள்ளது. அவருடைய கண்டுபிடிப்புகளைப் பலரும் புகழ்கின்றனர். முதல் வண்டியைத் திரும்பப் பூட்டி முடித்த அந்தப் பொறுமை அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

கொட்டகையில் ஹெட் இன்னும் கழன்றபாடில்லை. மரையாணிகள் ஒன்பதையும் எடுத்த பிறகும் அது பல்லாண்டுப் பிடிப்போடு ஒட்டிக்கொண்டிருக்கும். திருப்புளியை இடுக்கில் செருகி நெம்பத் தோன்றும். நெம்பினால் சமதளத்தில் கீறல் விழும். அக்கீறல் வழியே புதிய தகடும் ஒழுகும். பழைய மெக்கானிக்குகள் பிளக்குகளைத் திரும்ப மாட்டிவிட்டு, கைப்பிடியால் இயந்திரத்தைச் சுழற்றுவார்கள். புஷ் ராடுகள் இல்லாததால் வால்வுகள் யாவும் மூடியே இருக்கும். சிலிண்டருக்குள் நெருக்குண்ட காற்று ஹெட்டைக் கீழிருந்து தள்ளி விடுவிக்கும். இயந்திரத்தின் பலத்தைக் கொண்டே இயந்திரத்தைத் திறக்கும் இந்த உத்தி அழகானது.

ஹெட் வெளியே வந்ததும் பழுதான இடம் கண்ணுக்குத் தெரியும். இரு சிலிண்டர்களுக்கு இடையே தகடு கருகி அறுந்திருக்கும். புதியதை மட்டும் வைத்து மூடிவிட்டால் அதுவும் சில மாதங்களில் போய்விடும். தகடு போனதற்குக் காரணம் தகடு அன்று. நேரான எஃகு அளவுகோலை ஹெட்டின் அடிப்பரப்பில் வைத்து, இடைவெளியில் மெல்லிய அளவுத்தகடு நுழைகிறதா என்று பார்க்க வேண்டும். நுழைந்தால் ஹெட் வளைந்துள்ளது. அதை வீட்டில் நிமிர்த்த முடியாது. நகரத்தில் இயந்திரம் வைத்திருக்கும் பட்டறைக்கு எடுத்துச் சென்று பரப்பைச் சீவிச் சமப்படுத்த வேண்டும். வெடிப்பு இருக்கிறதா என்றும் அங்கேயே சோதிப்பார்கள். வீட்டில் செய்யக்கூடியது எது, கூடாதது எது என்று பிரித்தறிவதும் இத்தொழிலின் ஒரு பகுதி. துருவடைத்த நீர்வழிகளைக் கழுவுவது, கரியைச் சுரண்டுவது, சிலிண்டர்களுக்குள் தூசி விழாமல் துணி வைத்து அடைப்பது ஆகியவை வீட்டு வேலைகள். பழைய தகடுகளில் கல்நார் இருக்கக்கூடும். அதைக் காய்ந்த நிலையில் தேய்த்துத் தூசி கிளப்பாமல், நனைத்து எடுப்பது நுரையீரலுக்கு நல்லது.

உதிரிப்பாகம் கிடைக்குமா என்ற கவலை மோரிசுக்கு அவ்வளவாக இல்லை. அதன் இயந்திரக் குடும்பமே மினியிலும் வேறு பல வண்டிகளிலும் பொருத்தப்பட்டதால், கேஸ்கெட் போன்றவை இன்றும் செய்யப்படுகின்றன. இலங்கையில் மோரிஸ் மைனருக்கான தகட்டுப் பாகங்கள் 1990களில் செய்யப்பட்டு, வண்டி பிறந்த இங்கிலாந்துக்கே ஏற்றுமதியாயின.

பூட்டும்போது அவசரம் உதவாது. ஒன்பது மரையாணிகளையும் நடுவிலிருந்து தொடங்கி, ஓரங்களை நோக்கி, சிறிது சிறிதாகப் பல சுற்றுகளில் முறுக்க வேண்டும். ஓரத்திலிருந்து தொடங்கினால் தகடு நடுவில் உப்பும். கையின் மதிப்பீட்டை நம்பாமல் டார்க் ரெஞ்சு கொண்டு 40 அடி-பவுண்டு அளவில் நிறுத்த வேண்டும்.

அடுத்தது வால்வு இடைவெளி. வால்வின் தண்டுக்கும் அதை அழுத்தும் ராக்கருக்கும் இடையே 0.012 அங்குலம், அதாவது சுமார் 0.3 மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும். ஒரு வால்வைச் சரிசெய்யும்போது அது முழுமையாக மூடியிருக்க வேண்டும். மூடியிருப்பதை எப்படி அறிவது? பழைய மெக்கானிக்குகளிடம் ‘ஒன்பது கணக்கு’ உண்டு. முன்பக்கத்திலிருந்து வால்வுகளை 1 முதல் 8 வரை எண்ணுங்கள். 8ஆம் வால்வு முழுவதும் திறந்திருக்கும்போது 1ஆம் வால்வைச் சரிசெய்யலாம். 6 திறந்திருந்தால் 3. 4 திறந்திருந்தால் 5. 7 திறந்திருந்தால் 2. எந்த இணையைக் கூட்டினாலும் 9 வரும். இது மந்திரமில்லை. முதல் பிஸ்டனும் நான்காவதும் சேர்ந்தே ஏறி இறங்குகின்றன. இரண்டாவதும் மூன்றாவதும் அப்படியே. சேர்ந்து நகர்ந்தாலும் ஒன்றின் வேலை மற்றதற்கு ஒரு முழுச் சுற்றுப் பின்தங்கி நடக்கிறது. வால்வுகளும் நடுக்கோட்டின் இருபுறமும் கண்ணாடி பிம்பம்போல் அடுக்கப்பட்டுள்ளன. ஆகவே, ஒன்று முழுவதும் திறக்கும்போது அதன் எதிர் இணை முழுவதும் மூடியிருக்கிறது. கணிதப் பாடத்தில் சமச்சீர் படித்தவர்களுக்கு அது இரும்பில் வார்க்கப்பட்டிருப்பதைக் காண இது ஒரு வாய்ப்பு.

நீரும் புதிய எண்ணெயும் ஊற்றி, மின்கலத்தை இணைத்துச் சாவியைத் திருப்பினால், பெட்ரோல் பம்பு ‘டிக் டிக்’ என்று ஒலித்துப் பிறகு அடங்கும். சோக்கை இழுத்துவிட்டுக் கைப்பிடியைச் சுழற்றலாம். அப்போது கட்டைவிரல் மற்ற விரல்கள் இருக்கும் பக்கமே இருக்க வேண்டும். கைப்பிடியை முழுக்கப் பற்றியிருந்தால், இயந்திரம் பின்னோக்கி உதைக்கும்போது விரல் முறியும். உயிர் பெறாமல் இருமிக்கொண்டே இருந்தால், பெரும்பாலும் பிளக் கம்பிகள் மாறிப் பொருத்தப்பட்டிருக்கும். மோரிசில் சிலிண்டர்கள் 1, 3, 4, 2 என்ற வரிசையில் எரிகின்றன. 1, 2, 3, 4 என்று மாட்டிவிடுவது புதியவர்கள் எல்லாரும் ஒருமுறையாவது செய்யும் பிழை.

இயந்திரம் ஓடத் தொடங்கியதும் மேல்மூடிக்குள் ‘கிட கிட’ என்று ஒரு மெல்லிய ஒலி கேட்கும். பேரன் அதைப் பழுது என்று எண்ணி, வால்வு இடைவெளியைக் குறைக்க ஸ்பேனரைத் தேடுவான். அருகில் நிற்கும் பெரியவர் தடுத்துவிடுவார். இடைவெளியே இல்லாத வால்வு ஒலி எழுப்பாது. சூட்டில் நீண்டு, முழுவதும் மூட முடியாமல், விளிம்பு கருகிப் போகும். அந்த ஒலி இருக்கட்டும். சில நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு, இயந்திரம் குளிர்ந்த ஒரு காலையில், ஒன்பது மரையாணிகளையும் எட்டு இடைவெளிகளையும் மீண்டும் ஒருமுறை சரிபார்க்க வேண்டும். அந்த நாளைக் குறித்துவைக்க ஒரு நோட்டுப் புத்தகம் வண்டியிலேயே இருப்பது நல்லது.