பி.இ. முடித்தபின் என்ன?

2012-இல் போடியில் அரசு பொறியியற் கல்லூரி வந்தபின், தோழியரே, பி.இ. நமக்கு வீட்டருகிலேயே கிடைக்கிறது. அடுத்து எம்.இ. படிப்பதா என்பதே கேள்வி. ஏலக்காய் விலை இறங்கிய ஆண்டில் பெற்றோர் கட்டணத்தை எண்ணித் தயங்குவர். ஆனால் இரண்டாண்டுச் சம்பளத்தை இழப்பதும் செலவுதான். அதை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை! கேட் தேர்வில் தேறி, அங்கீகாரம் பெற்ற கல்லூரியில் முழுநேரமாகச் சேர்ந்தோர்க்கு 2024-இல் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை கிடைத்தது. ஆகவே கடன் வாங்குமுன் கேட் எழுதிப் பார்ப்போம். பொறியியற் கல்லூரியில் ஆசிரியையாக எம்.இ. கட்டாயம், கம்பெனி வேலை பலவற்றுக்குப் பி.இ. போதும்.

நம் மலையெங்கும் பரவிய ஞள்ளானி ஏலரகத்தைக் கண்டெடுத்தவர் இடுக்கி விவசாயி ஒருவரே. எனினும் அச்செடியின் அழுகல் நோயை ஆராய, மைலாடும்பாறை ஆராய்ச்சி நிலையத்துக்கு மேற்படிப்புப் படித்தவர்கள் வேண்டியிருக்கிறது.