கல்லீரல் என்னும் குதிர்

நம் குருதி முழுவதிலும் ஒரு நேரத்தில் கரைந்திருக்கும் குளுக்கோஸ் ஏறத்தாழ 5 கிராம்தான். ஒரு தேக்கரண்டிச் சர்க்கரை. மூளை மட்டும் நாளொன்றுக்கு 120 கிராம் கேட்கிறது. அப்படியிருக்க, இரவு 8 மணிக்கு உண்டவர் விடியும்வரை மயங்காமல் இருப்பது எவ்வாறு? கல்லீரலில் ஏறத்தாழ 100 கிராம் குளுக்கோஸ், கிளைக்கோஜன் என்னும் கிளைத்த சங்கிலியாகச் சேர்த்து வைக்கப்பட்டிருக்கிறது.

தானியக் குதிருக்கு மேலே கொட்டும் வாயும் கீழே எடுக்கும் துளையும் உண்டு. கல்லீரலில் கொட்டுகிற நொதி கிளைக்கோஜன் சிந்தேஸ். எடுக்கிற நொதி பாஸ்பாரிலேஸ். பின்னதைக் கண்டறிந்த கோரி தம்பதியர் 1947இல் நோபல் பரிசு பெற்றனர். இரண்டும் ஒருசேரத் திறந்திருந்தால் கொட்டியது ஒழுகிப்போகும். கொட்டச் செலவிட்ட ஆற்றலும் வீண்.

பாடநூலில் இப்பகுதி அம்புக்குறிகளால் நிறைந்திருக்கும். தேர்வுக்கு முதல்நாள் அவற்றை மனப்பாடம் செய்வோரே நம்மில் மிகுதி. ஆனால் விஷயம் எளிது. பசி வேளையில் கணையம் குளுக்ககான் என்னும் ஹார்மோனைச் சுரக்கிறது. அதனால் ஈரல் செல்லுக்குள் சைக்ளிக் ஏ.எம்.பி. பெருகுகிறது. சதர்லாந்து இதனைக் கண்டறிந்தது ஈரலை ஆராய்ந்தபோதுதான். 1971இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. சைக்ளிக் ஏ.எம்.பி. கைனேஸ் நொதிகளைத் தூண்ட, அவை பாஸ்பாரிலேஸின்மீது ஒரு பாஸ்பேட்டை ஒட்டுகின்றன, அது விழித்துக்கொள்கிறது. சிந்தேஸின்மீதும் பாஸ்பேட் ஒட்டப்படுகிறது, அதுவோ உறங்கிவிடுகிறது. ஒரே சாவி கீழ்த்துளையைத் திறந்து மேல்வாயைப் பூட்டுகிறது!

உண்டபின் நடப்பதுதான் என்னை மிகவும் வியக்கவைத்தது. இன்சுலின் ஒருபுறம் பணியாற்ற, ஈரலின் பாஸ்பாரிலேஸ் தானே குளுக்கோஸைச் சுவைத்துப் பார்க்கிறது. குளுக்கோஸ் வந்து பொருந்தியதும் அதன் வடிவம் மாறுகிறது. மறைந்திருந்த பாஸ்பேட் வெளிப்பட, பாஸ்பட்டேஸ் நொதி அதனை வெட்டிவிடுகிறது. விழித்திருக்கும் பாஸ்பாரிலேஸ் பெருமளவு அடங்கிய பிறகே பாஸ்பட்டேஸ் சிந்தேஸின் பக்கம் திரும்புகிறது. இந்த வரிசை முறையை 1970களில் பெல்ஜியத்தில் ஹெர்ஸ் குழுவினர் காட்டினர்.

தசையிலும் கிளைக்கோஜன் உண்டு. ஈரலில் உள்ளதைவிட மிகுதியாகவே உண்டு. ஆனால் அதனைக் குளுக்கோஸாக்கி வெளியே விடும் நொதி தசையில் இல்லை. சேர்வராயன் மலைச் சரிவில் ஏறும் காலுக்கு அது உதவும். மூளைக்குக் கடன் தராது.

என் தாயார் ஏற்காட்டில் காப்பிப் பழம் பறிப்பவர். மார்கழியில் பறிப்பு மும்முரமாகிவிடும். விடியலில் சர்க்கரை போடாத வரக்காப்பி. பின்பு 11 மணிக்குத்தான் கஞ்சி. இரவு உணவிலிருந்து எண்ணினால் 15 மணி நேரம்! குதிர் பெரிதும் இறங்கிவிட்ட வேளையில் அவர் கூடை சுமக்கிறார். வேலை செய்யும் தசை வெளிவிடும் லாக்டிக் அமிலத்தை ஈரல் மீண்டும் குளுக்கோஸாக்குகிறது. தசைப் புரதத்தையும் கரைத்து எடுக்கிறது. “பழகிப் போச்சு” என்பார் அம்மா. பழகிய பசிக்கும் உடல் விலை கொடுக்கத்தான் செய்கிறது. புறப்படுமுன் ஒரு சொம்பு கேழ்வரகுக் கூழ் குடிக்குமாறு குதிர்க் கணக்கைச் சொல்லித்தான் அவரை இசையவைத்தேன்.

காப்பியிலுள்ள காபீன், சைக்ளிக் ஏ.எம்.பி.யை அழிக்கும் நொதியைத் தடுக்கும் என்று வகுப்பில் படித்தோம். அதனால் வரக்காப்பியே ஈரலைத் திறந்துவிடுமே என்று நண்பர்கள் வாதிடக்கூடும். அது சோதனைக் குழாயில், மிகுந்த அளவில் நிகழ்வது. ஒரு டம்ளர் காப்பியில் அவ்வளவு காபீன் கிடையாது.