சுகர் இருக்கிறதா? பிரஷரையும் பாருங்கள்

தாம்பரம் சானடோரியம் மெப்ஸ் வளாகத்தில் ஷிஃப்ட் பார்ப்பவரோ, பெருங்களத்தூரில் கம்பெனி பஸ் ஏறுபவரோ, சர்க்கரை நோய் இருந்தால் வீட்டிலும் வேலையிடத்திலும் விசாரிப்பது ஒன்றைத்தான்: "சுகர் எவ்வளவு?" பிரஷரைப் பற்றிப் பேச்சே எழுவதில்லை. ஆனால் இந்த இரண்டும் சேர்ந்துதான் சிறுநீரகத்தையும் இதயத்தையும் கண்ணையும் கெடுக்கின்றன. பிரிட்டனின் யு.கே.பி.டி.எஸ். ஆய்வு 1998-லேயே இதைக் காட்டியது. சர்க்கரை நோயாளிகளில் ரத்த அழுத்தத்தைக் கறாராகக் கட்டுப்படுத்திய பிரிவில் சராசரி 144/82. மற்ற பிரிவில் 154/87. அந்தப் பத்துப் புள்ளிக் குறைவுக்கே பக்கவாதம் 44 சதவீதமும், சர்க்கரை நோய் சார்ந்த மரணம் 32 சதவீதமும் குறைந்தன. இன்று மருத்துவர்கள் பெரும்பாலும் வைக்கும் இலக்கு 130/80-க்குக் கீழே.

முதலில் சரியாக அளந்து பாருங்கள். ரயிலை விட்டிறங்கி, மேம்பாலம் ஏறி ஓடிவந்து, பஞ்ச் அடித்த கையோடு முதலுதவி அறையில் சட்டைக்கை மேலேயே பட்டையைச் சுற்றி எடுக்கும் அளவு உங்கள் பிரஷர் அல்ல, உங்கள் அவசரம். டீ, சிகரெட் முடிந்து அரை மணி நேரம் போகட்டும். சிறுநீர் கழித்துவிட்டு, நாற்காலியில் முதுகு சாய்த்து, பாதம் தரையில் பட ஐந்து நிமிடம் பேசாமல் உட்காருங்கள். கை இதயத்தின் உயரத்தில் மேசைமேல் இருக்கட்டும். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை எடுத்துக் குறித்து வையுங்கள். எழுந்து நின்றால் தலை சுற்றுகிறதென்றால் நின்றபடியும் ஒரு முறை எடுக்கச் சொல்லுங்கள். நீண்ட நாள் சர்க்கரையில் நரம்பு பாதித்தவர்களுக்கு எழுந்ததும் பிரஷர் சரிவதுண்டு.

பிரஷர் மாத்திரை விஷயத்தில் ஷிஃப்ட்காரர்களின் குழப்பம் நேரம்தான். 2022-ல் வெளிவந்த பிரிட்டன் ஆய்வு ஒன்று, 21,000-க்கும் மேற்பட்டவர்களைப் பார்த்து, காலையில் போட்டாலும் இரவில் போட்டாலும் பலனில் வித்தியாசமில்லை என்றது. எனவே, மருத்துவர் குறிப்பிட்ட நேரம் எதுவும் சொல்லாதபோது, எந்த ஷிஃப்டிலும் மாறாத ஒரு வேலையோடு, உதாரணமாகப் பல் துலக்குவதோடு, அதைச் சேர்த்துவிடுங்கள். "நார்மல் ஆயிடுச்சு, நிறுத்திட்டேன்" என்பதுதான் நான் அதிகம் பயப்படும் வாக்கியம். நார்மல் ஆனதே மாத்திரையால்தான். டெல்மிசார்டன், எனலாப்ரில் வகை மருந்துகள், சிறுநீரில் புரதம் கசிபவர்களின் சிறுநீரகத்தையும் காக்கின்றன. வருடத்துக்கு ஒரு முறையாவது அந்தச் சிறுநீர்ப் பரிசோதனையைக் கேட்டு வாங்குங்கள். கர்ப்பமாக இருக்கும், அல்லது அதற்குத் திட்டமிடும் பெண்கள் இம்மருந்துகளைப் பற்றி உடனே மருத்துவரிடம் பேச வேண்டும்.

கேண்டீனில் ஊறுகாய், அப்பளம், கருவாடு மூன்றையும் தவிர்த்தாலே பாதி வேலை முடிந்தது. உலக சுகாதார நிறுவனம் சொல்வது நாளுக்கு 5 கிராமுக்குள் உப்பு, ஏறக்குறைய ஒரு டீஸ்பூன். சோடியம் குறைந்த உப்பென்று கடையில் விற்பதில் பொட்டாசியம் இருக்கிறது. மேற்சொன்ன டெல்மிசார்டன், எனலாப்ரில் வகை மருந்து எடுப்பவர்களும் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் கேட்காமல் வாங்கக் கூடாது. நாள் முழுக்க நின்று கால் வலிக்கிறதென்று மெடிக்கலில் டைக்ளோஃபினாக் வாங்கிப் போடுவதும் பிரஷரை ஏற்றும்.

மாத்திரை வாங்கப் பணமோ நேரமோ இல்லை என்று யாரும் நிறுத்த வேண்டாம். சம்பளத்தில் இ.எஸ்.ஐ. பிடித்தம் இருந்தால் மருந்து உங்கள் உரிமை. 2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், சுகர், பிரஷர் மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவருகிறது. பின்னர் அது பணியிடங்களுக்கும் விரிந்தது. உங்கள் ஆலைக்கு வருமா என்று ஹெச்.ஆரிடம் எழுத்தில் கேளுங்கள்.

அளவு 180/120-ஐத் தாண்டி, நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், வாய் கோணல், பேச்சுக் குழறல் ஏதாவது இருந்தால் சூப்பர்வைசரிடம் பர்மிஷன் கேட்டு நிற்காதீர்கள். 108-ஐ அழையுங்கள்.