திரை அச்சொட்டாக இருந்தால் போதுமா?

தலைமன்னார்ப் பெடியள் ஓயாமல் சொல்லும் கதை இது: "சிமுலேட்டரில வாறது அசல் விமானத்தின்ர திரைதான். அதை வாசிக்கப் பழகினால் விமானம் ஓட்டலாம்." பெற்றோரும் தலையாட்டுகிறார்கள். பிள்ளைகளை ஏமாற்றும் பேச்சு இது.

படம் அச்சொட்டானது என்பது உண்மை. இடப்பக்கம் வேகம், நடுவில் செயற்கை அடிவானம், வலப்பக்கம் உயரம். கார்மின் ஜி1000 திரை வீட்டுக் கணினியிலும் அப்படியே வருகிறது. ஆனால் அந்த எண்கள் எங்கிருந்து வருகின்றன? அசல் விமானத்தில் பிட்டோ குழாயும் உடலிலுள்ள சிறு துளைகளும் காற்றழுத்தத்தை உணர்ந்து கொடுக்க வேண்டும். துளை அடைத்தால் திரை பளிச்சென்றே பொய் சொல்லும். வீட்டில் நீங்களாகப் பழுதை உண்டாக்காதவரை அது பெரும்பாலும் நடக்காது.

1996 ஒக்டோபர் 2, ஏரோபெரு 603 விமானத்தில் நடந்தது இதுதான். விமானத்தைக் கழுவியவர்கள் துளைகளின் மேல் ஒட்டிய நாடாவை அகற்றவில்லை. லிமாவிலிருந்து கிளம்பியது இரவில், கீழே கடல். விமானிகள் உயரம் கேட்டார்கள். கட்டுப்பாட்டு நிலையம் 9,700 அடி என்றது. அந்த எண்ணும் அதே விமானத்தின் கருவி அனுப்பியதுதான்! தரை நெருங்குகிறது என்ற எச்சரிக்கையும் ஒலித்தது. எதை நம்புவது? சற்று நேரத்தில் இறக்கை கடலில் உரசியது. 70 பேரும் இறந்தார்கள். அவர்கள் திரை வாசிக்கத் தெரியாதவர்களா?

வீட்டில் பறந்த மணித்தியாலம் லைசென்ஸுக்குச் சேரும் என்பது வெறும் புளுகு. சிவில் விமானச் சேவைகள் அதிகாரசபை ஏற்ற கருவியில் பறந்தால்தான், அதுவும் ஓர் எல்லைக்குள், கணக்கு.

சிமுலேட்டரே விளையாட்டுச் சாமான் என்பதும் தவறு. எட்வின் லிங்க் 1929இல் செய்த பெட்டியை மூடினால் வெளியே ஒன்றும் தெரியாது. கருவிகளை மட்டும் பார்த்துத்தான் பழக வேண்டும். இரண்டாம் உலகப் போர் விமானிகள் இலட்சக்கணக்கில் அதில் தேறினார்கள்.

எங்கள் படகுகளிலும் இதே நோய்தான். ஜீபிஎஸ் காட்டுவதே கடல் என்று இளசுகள் நினைக்கின்றன. இங்கிருந்து தனுஷ்கோடி 30 கிலோமீற்றர்கூட இல்லை, நடுவில் இந்தியக் கடல் எல்லை. திரை அணைந்தால் என்ன செய்வார்கள்? கரையோரப் பாடசாலை ஒவ்வொன்றிலும் காந்தத் திசைகாட்டியும் கடல் வரைபடமும் கட்டாயம் கற்பிக்க வேண்டும். இதை எத்தனை தரம் எழுதினாலும் எனக்கு அலுக்காது.

சிமுலேட்டர் வைத்திருக்கும் தம்பி, தங்கச்சிமார் இன்றிரவே பழுதுப் பட்டியலைத் திறந்து அழுத்தத் துளைகளை அடையுங்கள். பிறகு பலாலியில் இறக்கிப் பாருங்கள்.